சிறார் விளையாட்டும் இலத்திரன் கருவியும்

தொல்காப்பியர் உரியியலிற் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களையும் விளையாட்டுப் பொருள் தருவனவாக ஓதினார். இவற்றுட் கெடவரல் வழக்கொழிந்தது. பண்ணை எஞ்சியதாயினும், இன்று அச்சொல்லைக் கேட்பார்க்கு வயலும் கால்நடையும் நினைவில் வருமேயன்றி விளையாட்டு வருவதில்லை. சொற்கள் இறத்தலும் பொருள் திரிதலும் மொழிக்கு இயல்பு. ஆயினும் ஒரு சொல் இறந்துபடும்போது அதனாற் குறிக்கப்பட்ட செயலும் உடனிறந்ததா, அன்றி வேறு பெயர் பூண்டு வாழ்கின்றதா என்பது வரலாற்று மாணவன் வினவத்தக்க வினாவாகும். கைத்தொலைபேசியும் கணினி விளையாட்டும் சிறுவர் வாழ்வைக் கவர்ந்துகொண்டன என்னும் முறைப்பாடு ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் உரையாடல்களிலும் இக்காலத்தில் ஓயாது கேட்கப்படுகின்றது. அது மெய்யா பொய்யா எனத் தீர்ப்பதற்கு முன்னர், போயிற்று என்று கூறப்படுவது யாது, எப்போது போயிற்று, எதனாற் போயிற்று என வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். இக்கட்டுரை அம்முயற்சியின்பாற் பட்டது.

பண்டைச் சிறார் விளையாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்குஞ் சான்றுகள் இருவகையின. நிலத்தின்கீழ்க் கிடைப்பன ஒருவகை. சிந்துவெளி நகரங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுடுமண் வண்டிகளும் விலங்குப் பதுமைகளும் அத்தகையன. மற்றையது புலவர் வாக்கு. காவிரிப்பூம்பட்டினத்து மனைமுன்றிலில் உணங்கும் நெல்லைக் கவரவந்த கோழியை எறிந்த பொற்குழை, புதல்வர் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்தது எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. நகரின் செல்வத்தைக் காட்டவந்த புலவர்க்கு அப்பொற்குழையே பொருளாயிருந்தது. நமக்கோ அச்சிறுதேரின் மூன்று சக்கரங்களே பெரிதும் பயன்படுவன. பின்வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றை ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாக வகுத்தன. அவற்றுட் சிற்றிற் பருவம் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. சிறுமியர் மணலில் வீடு இழைக்கின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் வந்து அதனைக் காலாற் சிதைக்கின்றான். சிதைக்கவேண்டாமென அவர்கள் இரக்கின்றனர். தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாக்கிப் பாடும் மரபாயினும், விளையாட்டில் எழும் ஒரு வழக்கே பருவமொன்றின் பொருளாயிற்று என்பதை மறத்தலாகாது. கட்டுதலும் சிதைத்தலும், சிதைத்தானோடு வாதாடுதலும் கூடியதே சிற்றில் விளையாட்டு. அங்கே நீதி வழங்கத் தாயரை அழைத்தாரில்லை.

மேனாட்டிலும் நிலைமை இதனின் வேறுபட்டதன்று. பீற்றர் புறூகல் என்னும் ஓவியர் 1560 இல் வரைந்து, இன்று வியன்னா நகரில் வைக்கப்பட்டிருக்கும் ஓவியத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட சிறார் எண்பது வரையிலான விளையாட்டுக்களில் ஈடுபட்டிருக்கின்றனர். அவர்களை மேற்பார்வை செய்யும் பெரியோரை அதிற் காண்டல் அரிது. இங்கிலாந்தில் ஐயோனா ஓப்பி, பீற்றர் ஓப்பி என்னும் தம்பதியர் ஏறத்தாழ 5,000 பள்ளிச் சிறாரிடமிருந்து திரட்டிய செய்திகளை 1959 இல் ஒரு நூலாகவும், தெருவிலும் பள்ளி முற்றத்திலும் ஆடப்படும் விளையாட்டுக்களை 1969 இல் மற்றொரு நூலாகவும் வெளியிட்டனர். சிறார் விளையாட்டின் மரபு தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு வருவதன்று. பத்து வயதுச் சிறுவனிடமிருந்து எட்டு வயதுச் சிறுவனுக்கு வருவது என்பதே அவர் கண்ட பெரும் உண்மை. ஒரு பள்ளியிற் சிறுவரின் தலைமுறை என்பது ஐந்தாறு ஆண்டுகளே. அத்துணைக் குறுகிய தலைமுறைகளினூடாகச் சில விளையாட்டுக்கள் நூற்றாண்டுகள் வாழ்ந்துள்ளன. அதே காரணத்தால், ஐந்தாறு ஆண்டுகள் இடையறவு நேரின் அவை முற்றாக மறைந்துபோதலுங் கூடும்.

நம்மவர் விளையாட்டுக்களைப் பட்டியலாகத் தருவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கிட்டி, போளை, கொக்கான், கெந்தித்தொட்டு, நாயும் புலியும், பட்டம், பனங்காய் வண்டில் எனப் பெயர்களை அடுக்கி இரங்குவதால் விளங்குவது சிறிது. ஒன்றையேனும் அது நடைபெறும் முறைமையில் நோக்குதல் நன்று. கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். தாச்சி மறித்தல் எனவும் இதனை வழங்குவர். நிலத்தில் நீள்சதுரமொன்று கீறி, நடுவே நெடுங்கோடும் குறுக்கே பல கோடுகளும் இடப்படும். ஒரு பக்கத்தார் கோடுகளிற் காவல் நிற்க, மற்றப் பக்கத்தார் அடிபடாது கட்டங்களைக் கடந்துசென்று மீளவேண்டும். நடுக்கோட்டில் ஓடித்திரிபவன் கிளி. குறுக்குக்கோடு எத்தனை என்பதை எந்த நூலும் விதித்திலது. வந்திருக்கும் பிள்ளைகளின் தொகையே அதனை விதிக்கும். எண்மர் வந்தால் ஒரு கணக்கு, பதின்மர் வந்தால் வேறொரு கணக்கு. ஒருவன் மிகுந்துவிட்டால் அவனை எவ்வாறேனும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி காணப்படும். மிகச் சிறிய பிள்ளையாயின், அடிபட்டாலும் அடிபட்டதாகக் கொள்ளாது ஓடவிடுவர். உப்புக்குச் சப்பாணி என்று தமிழர் பெயரிட்டது இத்தகைய பிள்ளைக்கே. விளையாட்டின் விதியை அறியாத ஒருவனுக்கு விளையாட்டினுள்ளேயே ஓரிடம் ஒதுக்கிக்கொடுத்த இச்சிறிய ஏற்பாடு எண்ணுந்தோறும் வியப்புத் தருவது.

கிளித்தட்டிற் காற்பங்கு நேரம் ஓட்டத்திற் போகும். எஞ்சியது வாதத்திற் போகும். தொட்டாய், தொடவில்லை, கோட்டின்மேல் நின்றாய், நிற்கவில்லை என்று எழும் பிணக்கைத் தீர்க்க நடுவர் ஒருவரும் இல்லை. பொய்யுரைத்து வெல்ல முயல்வதை அளாப்புதல் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. அளாப்புபவனைப் பொறுத்துக்கொள்வதா, விலக்கிவிடுவதா, அவன் பந்துக்குரியவனாயின் என் செய்வது என்பன யாவும் பிள்ளைகளே தீர்க்கவேண்டிய வழக்குகள். சட்டம் இயற்றலும் அதனை நடைமுறைப்படுத்தலும் முறைசெய்தலும் ஆகிய மூன்றையும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் மாலைதோறும் மண்ணிற் பயின்றனர் என்று கூறின் அது மிகையாகாது. இதனை இனியதொரு பொற்காலமாக வரைதலுந் தவறு. வலியவன் எளியவனை ஏய்த்ததும், பெண்பிள்ளைகள் ஒரு வயதின் மேல் முற்றத்துக்கு அப்பாற் செல்லவிடப்படாததும், சாதி நோக்கிச் சில பிள்ளைகள் சில வளவுகளில் ஆட்டத்திற் சேர்க்கப்படாததும் அவ்விளையாட்டுக் களங்களிலேயே நிகழ்ந்தன.

இனி இலத்திரன் கருவியின் வரலாற்றுக்கு வருவோம். 1958 இல் அமெரிக்காவிற் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்து இயற்பியலறிஞர் வில்லியம் ஹிகின்போதம், பார்வையாளர் பொழுதுபோக்குக்காக அலைவுகாட்டியின் திரையில் இருவர் ஆடும் தெனிசு விளையாட்டொன்றை அமைத்தார். 1962 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவர், கணினியொன்றில் இரு விண்கலங்கள் பொருதும் விளையாட்டை இயற்றினர். இரண்டும் சிறுவர்க்கென ஆக்கப்பட்டனவல்ல. வீட்டுத் தொலைக்காட்சியோடு பொருத்தி ஆடத்தக்க முதற்கருவி, இரால்ஃப் பேயர் என்பவரின் ஆக்கத்தை மக்னவொக்ஸ் நிறுவனம் ஒடிசி என்னும் பெயரில் 1972 இல் விற்பனைக்குக் கொணர்ந்ததாகும்.

இவ்வொடிசி பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். அதற்கு ஒலியில்லை. திரையில் அது காட்டவல்லது சில ஒளிப்புள்ளிகளும் ஒரு கோடுமே. பந்தயத் திடலும் வலையும் வேண்டுமாயின் நிறந்தீட்டிய ஒளிபுகு தாளொன்றைத் தொலைக்காட்சித் திரைமீது ஒட்டிக்கொள்ளல் வேண்டும். பெட்டியினுள் பகடைகளும் சீட்டுக்களும் விளையாட்டுக் காசும் வைக்கப்பட்டிருந்தன. யார் வென்றார், எத்தனை புள்ளி என்பதைக் கருவி அறியாது. ஆடுவோரே எண்ணிக்கொள்ளல் வேண்டும். எனவே அளாப்புதற்கும் அங்கே இடமிருந்தது! சுருங்கக் கூறின், ஒடிசி ஒளியாலாகிய ஒரு போளையே. விதியும் வழக்கும் இன்னும் மனிதர் கையிலேயே இருந்தன. அதே 1972 இல் அத்தாரி நிறுவனம் பொங் என்னும் காசிட்டு ஆடும் கருவியை வெளியிட்டது. அது திரையின் மேற்புறத்திற் புள்ளிகளைத் தானே எண்ணிக் காட்டியது. தொழினுட்ப வரலாற்றாசிரியர் இதனைச் சிறியதொரு மேம்பாடாகவே எழுதிச்செல்வர். சிறார் விளையாட்டின் வரலாற்றில் அது பெரிய திருப்பமெனக் கொள்ளத்தக்கது. நடுவன் பதவியைப் பொறி ஏற்றுக்கொண்ட நாள் அதுவே.

எனினும் பொங் வரையில் எதிராளி மனிதனாகவே இருந்தான். 1978 இல் யப்பானியத் தைத்தோ நிறுவனம் வெளியிட்ட விண்படையெடுப்பு விளையாட்டிலும், 1980 இல் வந்த பக்மன் முதலியவற்றிலும் ஆடுபவன் பொறியையே எதிர்த்து நின்றான். நடுவனும் பகைவனும் களமும் ஒன்றேயாயின. 1980 இலேயே நின்ரென்டோ நிறுவனம் கேம் அன்ட் வோட்ச் என்னும் கையடக்கக் கருவியை விற்கத் தொடங்கிற்று. 1889 இற் கியோத்தோ நகரில் மலர்ச்சீட்டு அச்சிடும் தொழிலகமாகத் தோன்றியது இந்நிறுவனம். ஒரு நூற்றாண்டு காலம் பலர் கூடியிருந்து ஆடும் சீட்டை விற்றவர்களே, ஒருவன் தனித்திருந்து ஆடும் பொறியை உலகுக்குப் பரப்பினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அக்கருவியை ஆக்கிய குன்பெய் யோக்கோய், புகையிரதத்திற் பொழுதுபோகாது கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரைக் கண்டு அவ்வெண்ணம் பெற்றாரென்பர். அப்போது கணிப்பான் உற்பத்தியாளரிடைப் போட்டி மிகுந்து, திரவப் பளிங்குத் திரையின் விலை பெரிதும் வீழ்ந்திருந்தது. மலிந்துபோன பழைய தொழினுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புதல் என்பது அவர் கொள்கை. நான்கு சிறு மின்கலங்களில் இயங்கி, நிறமற்ற திரையுடன் 1989 இல் வந்த கேம் போய் என்னும் கருவியும் அக்கொள்கையின் விளைவே. அதனோடு, மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் என்பார் 1984 இல் இயற்றிய தெற்றிசு விளையாட்டும் உலகெங்குஞ் சென்றது. கேம் போயும் அதன் நிறத்திரைப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்கப்பட்டன.

1996 இல் யப்பானிலிருந்து வந்த இரண்டு பொருள்கள் வேறுவகையிற் கருதத்தக்கன. பண்டாய் நிறுவனத்தின் தமகோச்சி, ஊட்டாவிடின் இறந்துபோகும் ஒரு திரைப் பிராணி. பாட வேளையிலும் அது பசித்துக் கூவியமையாற் பல நாட்டுப் பள்ளிகள் அதனைத் தடைசெய்தன. பிள்ளையை அழைக்கும் விளையாட்டுப் பொருள் என்னும் புதுமை அதனோடு தொடங்கிற்று. பனங்காய் வண்டில் மூலையிற் கிடந்தால் கிடந்ததே. அது ஒருபோதும் பிள்ளையைக் கூவி அழைத்ததில்லை. மற்றையது போக்கிமொன். அதனை ஆக்கிய சத்தோசி தாஜிரி, தாம் சிறுவராயிருந்தபோது தோக்கியோவின் புறநகரிற் பூச்சி பிடித்துத் திரிந்ததையும், அவ்வயல்களும் குளங்களும் பின்னர்க் கட்டடங்களின்கீழ் மறைந்ததையும் எடுத்துக்கூறி, அவ்வின்பத்தைப் புதிய சிறார்க்கு அளிக்கவே இவ்விளையாட்டை அமைத்ததாக உரைத்திருக்கின்றார். இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து ஒருவன் பிடித்ததை மற்றவனுக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. ஈண்டு காரணகாரிய ஒழுங்கை நோக்குக. கருவி வந்து வயலை அழித்ததன்று. வயல் முன்னரே அழிந்தது. அவ்வெற்றிடத்திற் கருவி வந்து அமர்ந்தது.

இவ்வொழுங்கு யப்பானுக்கு மட்டும் உரியதா? இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடனாய்வாளரும் 1971 ஆம் ஆண்டு நிலையையும் 1990 ஆம் ஆண்டு நிலையையும் ஒப்பிட்டனர். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுள், பெரியோர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971 இல் நூற்றுக்கு 80. 1990 இல் நூற்றுக்கு 9. இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம் மோட்டார் வண்டிப் பெருக்கமும் அது பற்றிய அச்சமுமாகும். கைத்தொலைபேசி சிறுவர் கையில் வருவதற்கு நெடுநாள் முன்னரே தெரு அவர்கள் கையை விட்டு நீங்கிவிட்டது. திரையை மட்டுங் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் இவ்வெண்களை எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் நாட்டின் நிலையை, சிறப்பாக யாழ்ப்பாணத்தின் நிலையை நோக்கின், இவ்வரலாறு பிறிதோரிடத்துங் காணாத முறையில் அறுந்தும் பிணைந்தும் செல்வதைக் காணலாம். இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்பிரலிலும் ரூபவாகினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. வடபுலத்தாரோ நெடிய குழாய்களில் அன்ரனாவை உயர்த்திக் கடலுக்கப்பாலுள்ள தூரதர்சன் ஒளிபரப்பையும் கண்டனர். 1987 இலும் 1988 இலும் இராமாயணத் தொடர் காட்டப்பட்ட வேளையில், தொலைக்காட்சி உள்ள வீட்டின் விறாந்தையில் அயற்பிள்ளைகள் அனைவரும் கூடியிருந்தனர். டெக்கை வாடகைக்கு எடுத்து இரவு முழுவதும் படம் பார்ப்பதும் அக்காலத்து வழக்கம். அத்திரை மனையகத்துப் பொருளாயினும் ஊர்ப்பொருள் போலவே வழங்கிற்று. மறுநாள் ஒழுங்கையில் ஈர்க்கினால் அம்பும் பூவரசந் தடியால் வில்லுஞ் செய்து பிள்ளைகள் அதனை நடித்தனர். தொலைக்காட்சி விளையாட்டை அழித்தது என்னும் பொதுக்கூற்று இங்குப் பொருந்துமாறில்லை.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. மின்கலம், மண்ணெண்ணெய் முதலியன பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர் மக்கள். சிறு போத்தலில் எரியும் சுடரே படிப்பறை விளக்காயிற்று. உலகெங்குங் கேம் போய் பரவிய ஆண்டுகள் இவையே என்பதை நினைவிற் கொள்க. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைப் பட்டயம் தன் 31 ஆம் உறுப்புரையில் விளையாடும் உரிமையைக் கூறுகின்றது. 1991 இல் இலங்கை அதற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வேளையில் இங்குள்ள பிள்ளைக்கு நான்கு மின்கலங்கள் பெறுதல் அரிதினும் அரிது. அவை கிடைத்திருப்பினும் அவற்றை வானொலிக்கன்றி விளையாட்டுக்கு ஈவார் எவருமிலர்.

மின்னற்ற அவ்வாண்டுகளிற் கிளித்தட்டும் கிட்டியும் போளையும் தழைத்தன என்று அக்காலத்தைக் கடந்தவர் பலர் கூறுவர். அதில் உண்மையுண்டு. எரிபொருளின்மையால் தெருக்களில் மோட்டார் வண்டி அருகியது. மாலைப்பொழுதைக் கவரும் திரையும் இல்லை. ஆயினும் அதனைப் போற்றியுரைக்க மனம் ஒருப்படவில்லை. வானூர்தி ஒலி கேட்டவுடன் ஆட்டத்தை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் அவர்கள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை பரப்பிய அக்குழிகளிற் போரையே நடித்து விளையாடினர். நடித்தவருட் சிலர் வயது நிரம்புமுன்னரே மெய்ப்போரிற் சேர்க்கப்பட்டனர். 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரேயிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றபோது ஊர்களும் ஒழுங்கைகளும் வெறுமையாயின. மேலே ஓப்பி தம்பதியர் ஆய்வினின்று காட்டிய உண்மையை இங்கே பொருத்துக. மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கு ஒப்படைக்கப்படும் மரபு, அப்பிள்ளைகள் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தாலன்றித் தொடராது. கொழும்பிலும் தொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சிதறிய பிள்ளைகளிடை அவ்வொப்படைப்பு நிகழ்தல் எங்ஙனம்?

2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர்க் கைத்தொலைபேசி இங்குப் பெருகியது. அது வந்து சேர்ந்த நிலமோ பழைய நிலமன்று. காணிகளில் மிதிவெடி இருந்தமையால், மண்டையோடு பொறித்த செம்பலகைக்கு அப்பால் அடிவைத்தல் ஆகாது என்பதே பள்ளிப்பிள்ளைக்குக் கற்பித்த முதற்பாடமாயிற்று. வீடுகளைச் சூழ்ந்திருந்த கிடுகுவேலியும் கதியால் வேலியும் குறைந்து மதில்கள் எழுந்தன. இம்மாற்றத்தை விளையாட்டு வரலாற்றில் எவரும் கணக்கிற் கொண்டதாகத் தோன்றவில்லை. வேலியிற் பொட்டு உண்டு. மதிலிற் பொட்டு இல்லை. ஒரு வளவிலிருந்து மறுவளவுக்குப் பிள்ளை படலையைச் சுற்றாது நுழைந்துசென்ற வழி அதுவே. அவ்வழி அடைபட்டபின், அயற்பிள்ளையோடு விளையாடுதற்குப் பெரியோரின் அனுமதியும் திறந்த இரும்புக் கதவும் வேண்டியதாயின. எஞ்சிய மாலைப்பொழுதைத் தனியார் வகுப்புக்கள் எடுத்துக்கொண்டன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு எட்டு வயதிலேயே ஆயத்தஞ் செய்யும் பிள்ளைக்குக் கிளித்தட்டுக்கு வேண்டிய எண்மரை ஒரே வேளையில் ஓரிடத்திற் காண்டல் இயலாது. இருவர் ஆடும் விளையாட்டுக்கும் ஒருவர் ஆடும் விளையாட்டுக்குமே காலம் இடந்தந்தது. கைத்தொலைபேசி அதற்கு அளவெடுத்துச் செய்தாற்போல் வந்து வாய்த்தது.

2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டமை கடைசித் தடையையும் நீக்கிற்று. அதுவரை பிள்ளையிடமிருந்து பறித்து வைத்த கருவியைப் பெற்றோரே வாங்கிக் கையில் கொடுத்தனர். பாடம் அதன்வழியே வந்தது. கல்விக்கருவியும் விளையாட்டுக்கருவியும் ஒன்றேயானபின், எது படிப்பு எது விளையாட்டு என்பதை வாசலில் நின்று பார்க்குந் தாயால் அறிதல் அரிதாயிற்று. இரண்டாண்டு கழித்து, 2022 மார்ச்சு இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரை நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. 1990 ஐப்போலப் பிள்ளைகள் முற்றத்துக்குத் திரும்புவரெனச் சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் இக்காலத்துக் கருவி தன் மின்னைத் தானே சுமந்து திரிவது.

அரசுகள் இதனைக் கட்டுப்படுத்த முயன்றமை உண்டு. தென்கொரியா 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதற் காலை ஆறுமணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாதென 2011 இல் விதித்து, பத்தாண்டின்பின் அவ்விதியை நீக்கிக்கொண்டது. சீனா 2021 இல் 18 வயதுக்குட்பட்டோர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளிலும் விடுமுறை இரவுகளிலும் ஒருமணிநேரமே அளித்தது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒருமணிக்கு மேல் திரை ஆகாதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்திற்று. இவையெல்லாம் மணிக்கணக்கையே அளக்கின்றன. சிறு குழந்தையின் கண்ணையும் உறக்கத்தையும் பற்றிய அளவில் அக்கணக்குப் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிய வினா வேறு. அப்பிள்ளை ஆடும் ஆட்டத்தில் விதியை மாற்றும் உரிமை அதற்கு உண்டா? தோற்பவனுக்கு இரங்கி ஒரு வாய்ப்பு மிகையாகக் கொடுத்தல் கூடுமா? உப்புக்குச் சப்பாணிக்கு அங்கே இடமுண்டா?

பெரும்பாலான விளையாட்டுக்களுக்கு விடை இல்லை என்பதே. ஆயின் ஒருதலையாகத் தீர்ப்பதற்கும் சான்று இடந்தரவில்லை. சுவீடன் நாட்டில் ஆக்கப்பட்டு 2011 இல் முழுப்பதிப்பாக வெளிவந்த மைன்கிராவ்ற் என்னும் விளையாட்டில் வெல்லுதல் முதன்மையன்று. கட்டை அடுக்கி வீடும் ஊருங் கட்டுவதே தொழில். பல பிள்ளைகள் இணையவழி ஒரே களத்திற் கூடுவர். ஒருத்தி கட்டிய வீட்டை மற்றொருவன் வந்து இடிப்பான். உடனே வழக்கு எழும். இடித்தவனை விலக்குவதா, பொறுப்பதா என்று பிள்ளைகள் வாதிடுவர். இனி இடிக்கலாகாதென விதி செய்வர். பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம் கண்ணாடித் திரையில் மீண்டும் அரங்கேறுகின்றது! வேறுபாடு ஒன்றுண்டு. மணற்சிற்றில் சிதைந்தால் எவரிடமும் முறையிட வழியில்லையாதலிற் சிறுமியர் சிதைத்தவனையே இரந்தனர். இங்கோ களத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கின்றார். அவர்க்கும் மேலே நிறுவனமொன்று இருக்கின்றது. விரும்பின் அவை களத்தையே மூடிவிடலாம்.

புதிய கருவி பழைய விளையாட்டுக்கு அடங்கி நடந்தமைக்கும் எடுத்துக்காட்டு அருகிலுண்டு. வடமராட்சிக் கடற்கரையிற் பட்டங் கட்டுவோர் விண் பூட்டிக் கூவவிட்டதோடு அமையாது, சிறு மின்குமிழ்களையும் மின்கலத்தையும் பட்டத்திற் பொருத்தி இரவிலும் ஏற்றுகின்றனர். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நிகழும் பட்டப்போட்டியைக் காண ஊர் திரள்கின்றது. அங்கே எடை எத்துணை தாங்கும், குமிழை எங்குப் பூட்டினால் தலை சாயாது என்பதைக் காற்றோடும் நூலோடும் பொருதே இளைஞன் அறிந்துகொள்கின்றான். பொறி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இவ்வரலாற்றை முறையாக எழுதுதற்கு வேண்டிய சான்று அச்சேறிய நூல்களில் மிகச் சிறிதே உளது. கிளித்தட்டின் கோட்டு விதிகள் வலிகாமத்தில் ஒருவகை, வடமராட்சியில் ஒருவகை, தீவுப்பகுதியில் ஒருவகையாக இருத்தல் கூடும். கொக்கான் கற்களை எண்ணும் சொற்களும், அளாப்பியவனுக்கு விதித்த தண்டனைகளும், குழுப்பிரிக்கும்போது சொல்லிய தொடர்களும் எழுதப்படாதனவே. 1990 க்கும் 1995 க்கும் இடையில் மின்னின்றி விளையாடியவர்களே இம்மரபை ஊரவராயிருந்து முழுமையாகப் பெற்ற கடைசித் தொகுதியினர் எனல் பொருந்தும். அன்று பத்து வயதினராயிருந்தோர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுட் பலர் இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவரின் பெற்றோர். ஒரு கொப்பியும் ஒரு விடுமுறைக் காலமும் இருந்தால் உயர்வகுப்பு மாணவர் அவர்களிடங் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்கள் கையிலுள்ள கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளவும் இயலும்.